பிள்ளைகளின் ஸ்ட்ரிப் லைட் புராஜெக்ட்: பெற்றோர் கண் வைக்க வேண்டிய இடங்கள்

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கிவிட்டால் நமது டிரஸ்டின் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரே பேச்சுதான்: ஆர்டுயினோ போர்டு, நிறம் மாறும் ஸ்ட்ரிப் லைட். ஒரு மாணவர் தொழுகை நேரம் காட்டும் பலகையைச் சுற்றி விளக்கு ஓட விடுகிறார். ஒரு மாணவி மழைநீர் சேகரிப்பு மாதிரியில், கூரையிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் இறங்குவதுபோல நீல விளக்கை இறக்குகிறார். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் பெற்றோர் நம்மிடம் கேட்பது வேறு. "கரண்ட்டோடு விளையாடுது பிள்ளை, விடலாமா?" என்கிறார்கள். அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்த முடிவு அம்மாவின் தலையில் விழுகிறது. பலர் பயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம். வேறு சிலர், "5 வோல்ட்தானே, ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொன்னதை நம்பி விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது நமது கருத்து. எந்த இடத்தில் ஆபத்து இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டால், மின்சாரம் படிக்காத தாய்கூட பிள்ளை செய்துவைத்த வேலையைப் பார்த்து "இந்த ஒயர் ஏன் இவ்வளவு மெல்லிசா இருக்கு?" என்று கேட்டுவிடலாம். அந்த ஒரு கேள்வி பல நேரங்களில் போதும். அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், பிள்ளைகள் கையில் வைத்திருப்பது என்ன என்று பார்ப்போம். மைக்ரோ கன்ட்ரோலர் போர்டு என்பது சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு சிறு கணினி. ஆர்டுயினோ போர்டு 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், ஒரு வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் பிறந்தது. மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் எளிதாகக் கையாளட்டும் என்பதே அதன் நோக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டு நாளில் பழகிவிடுவதற்குக் காரணம் அதுதான். நமது வகுப்பில் அதிகம் இருப்பது ஊனோ என்ற வகை.

விளக்குப் பட்டையில் பிள்ளைகள் பெரும்பாலும் வாங்குவது டபிள்யூ.எஸ். 2812 பி என்ற 5 வோல்ட் வகை. அதில் அரிசிப்பொரி அளவு வெள்ளைச் சதுரங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்.இ.டி.களும் ஒரு நுண்ணிய சில்லும் உண்டு. அதனால் ஒவ்வொரு பொட்டையும் தனித்தனி நிறத்தில் எரிய வைக்க முடிகிறது. பட்டைக்கு மூன்று இணைப்புகள்: 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா. போர்டு கொடுக்க வேண்டியது டேட்டா மட்டுமே. "மூன்றாவது பொட்டு சிவப்பு, நான்காவது பச்சை" என்ற தகவல் அந்த ஒயரில் போகிறது.

இங்கேதான் முதல் குழப்பம். கல்யாண விருந்தில் எந்த வரிசைக்கு எப்போது சஹன் போக வேண்டும் என்று ஒருவர் நின்று கை காட்டிக்கொண்டிருப்பார். பிரியாணி தேக்சாவைத் தூக்கி வருபவர்கள் வேறு ஆட்கள். கை காட்டுபவரின் தலையில் தேக்சாவையும் ஏற்றினால் என்ன ஆகும்? போர்டின் வேலை கை காட்டுவது. விளக்கு எரிவதற்கான மின்சாரத்தையும் அந்தப் போர்டு வழியாகவே இழுத்தால் அதன் தலையில் தேக்சாவை ஏற்றுவதாகிவிடும். பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான். ஊனோவில் 5 வோல்ட் என்று எழுதிய ஒரு துளை இருக்கிறது, பட்டையிலும் 5 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். ஐந்து பொட்டு வரை நன்றாக எரியும். அதே இணைப்பில் முழுப் பட்டையையும் மாட்டும்போது சிக்கல் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள்

ஒரு பொட்டில் ஒரு நிறம் முழு வெளிச்சத்தில் எரிய ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் வேண்டும். மூன்றும் சேர்ந்து வெள்ளையாக எரிந்தால் 60. பட்டை மீட்டருக்கு 30, 60, 144 பொட்டுகள் என்ற கணக்கில் வருகிறது. 60 பொட்டு உள்ள பட்டையில் 2 மீட்டர் எடுத்தால் 120 பொட்டு. அதாவது 7,200 மில்லி ஆம்பியர், 7.2 ஆம்பியர். உண்மையில் அளந்தால் இதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். ஆனால் ஒயரும் சப்ளையும் வாங்கும்போது மேல்வரம்பை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதற்கு எதிரே போர்டின் பலத்தை வைத்துப் பார்ப்போம். லேப்டாப்பின் சாதாரண யு.எஸ்.பி. 2.0 வாசலின் வரம்பு 500 மில்லி ஆம்பியர். ஊனோவில் அந்த வழியில் ஒரு பாதுகாப்பு ஃபியூஸ் இருக்கிறது. 500-ஐத் தாண்டிச் சூடானால் தானாகத் தடுத்து, ஆறியதும் மறுபடி விடும். விலை குறைந்த நகல் போர்டுகளில் அதே தரத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. வேறு பல சிறிய போர்டுகளில் அப்படி ஒன்று இருப்பதே இல்லை. அப்போது பாரம் லேப்டாப்பின் மீது விழுகிறது. அண்ணனின் கல்லூரி வேலை, தங்கையின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் ஒரே லேப்டாப்பில் நடக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அது போனால் இழப்பு ஒரு பிள்ளையோடு நிற்காது.

"அப்படியானால் 12 வோல்ட் அடாப்டரை ஊனோவின் வட்டத் துளையில் செருகிவிட்டு 5 வோல்ட் துளையிலிருந்து எடுக்கிறேன்" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் விடை அவருக்குச் சாதகமாக இல்லை. அந்த வழியில் 12 வோல்ட்டை 5 ஆக்கும் சிறு சில்லு, மிச்சமுள்ள 7 வோல்ட்டை வெறும் சூடாக்கி வெளியே விடுகிறது. அரை ஆம்பியர் எடுத்தாலே மூன்றரை வாட் சூடு, விரல் நகம் அளவுள்ள ஒரு சில்லில். தொட்டால் கை சுடும். சற்று நேரத்தில் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், போர்டு விட்டு விட்டு வேலை செய்யும். பிள்ளைகள் புரோகிராமில் தவறு என்று நினைத்து இரவெல்லாம் அதைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே போர்டிலிருந்தே எடுப்பதென்றால் ஆறேழு பொட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதற்கு மேல் போனால் பட்டைக்குத் தனி மின்சாரம்.

ஷாக் அடிக்காது, ஆனால் சுடும்

5 வோல்ட்டைக் கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. கடையில் சொன்னது இந்த அளவுக்கு உண்மை. மறந்துபோனது சூடு.

36 வாட் என்பது நம் வீட்டு மின்விசிறியில் பாதிகூட இல்லை. வீட்டு 230 வோல்ட்டில் அந்த 36 வாட்டுக்கு ஓடும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே 36 வாட்டை 5 வோல்ட்டில் கொடுக்கும்போது 7.2 ஆம்பியர் ஓட வேண்டும். நம் வீட்டுச் சுவரில் உள்ள சிறிய சாக்கெட்டின் வரம்பே 6 ஆம்பியர்தான். அதைவிட அதிகமான மின்னோட்டத்தைப் பிள்ளை மேசைமேல், நூல் போன்ற ஒரு ஒயரில் ஓட்டுகிறது. ஒயரைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, ஆம்பியர்தான். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும்.

போர்டோடு கிட்டில் வரும் பல வண்ண ஜம்பர் ஒயர்களும், துளைத்துளையான வெள்ளை பிரெட்போர்டும் சிக்னலுக்காகச் செய்யப்பட்டவை. ஓர் ஆம்பியருக்கு மேல் அவற்றில் ஓட்டக் கூடாது. ஓட்டினால் பிரெட்போர்டின் பிளாஸ்டிக் இளகும், ஒயரின் மேல்தோல் வழிந்துவிடும். இவையெல்லாம் எதன்மேல் இருக்கின்றன என்பதையும் பாருங்கள். நம் பிள்ளைகளின் மாதிரிகள் பெரும்பாலும் தெர்மாக்கோல், சார்ட் பேப்பர், பஞ்சு, மினுமினுப்புத் துணி. தெர்மாக்கோல் 100 டிகிரி அளவிலேயே தளர்ந்து சுருங்கும். தீப்பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். கண்காட்சிக் கூடத்தில் நாற்பது மாதிரிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இதை நினைத்தாவது ஒயரைத் தடிமனாகப் போடச் சொல்லுங்கள்.

எப்படி இணைப்பது

5 வோல்ட் சப்ளையிலிருந்து பட்டைக்கு நேராக இரண்டு தடிமனான ஒயர்கள் போக வேண்டும்: ஒன்று 5 வோல்ட், ஒன்று கிரவுண்ட். எலக்ட்ரிகல் கடையில் "ஒன் ஸ்கொயர் ஃபிளெக்சிபிள்" என்று கேட்டால் கொடுப்பார்கள். 2 மீட்டர் பட்டை என்றால் ஒரு முனையில் மட்டும் கொடுக்காமல் இரு முனைகளிலும் கொடுப்பது நல்லது. ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் மறுமுனைக்குப் போவதற்குள் வோல்ட் இறங்கிவிடும். வெள்ளையாக எரிய வேண்டிய பட்டை கடைசியில் மஞ்சளாக, சிவப்பாகத் தெரியும். நீலமும் பச்சையும் எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். வோல்ட் குறையும்போது நீலம் முதலில் மங்குகிறது, சிவப்பு கடைசிவரை நிற்கிறது. பல பிள்ளைகள் பட்டை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவது இதனால்தான். பட்டை நன்றாகவே இருக்கும்.

சப்ளையைப் பட்டைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முக்கால் ஸ்கொயர் ஒயரில் 2 மீட்டர் தூரம் தள்ளி வைத்து 7 ஆம்பியர் ஓட்டினால், போகவர 4 மீட்டர் ஒயரிலேயே ஏறக்குறைய முக்கால் வோல்ட் போய்விடும். 230 வோல்ட்டில் முக்கால் போனால் யாருக்கும் தெரியாது. 5-இல் முக்கால் போனால் கண்ணுக்குத் தெரியும்.

போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, அதே 5 வோல்ட் சப்ளையிலிருந்து ஒரு சிறிய கிளை எடுத்துப் போர்டின் 5 வோல்ட் துளைக்குக் கொடுப்பது. இந்த வழியில் ஒரு கண்டிப்பு உண்டு: புரோகிராம் ஏற்றுவதற்காக லேப்டாப்பின் கேபிளைச் செருகும்போது அந்தக் கிளையைக் கழற்றிவிட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றுக்குள் தள்ளும். இரண்டாவது வழி, போர்டை எப்போதும் யு.எஸ்.பி. கேபிளில், ஒரு சாதாரண மொபைல் சார்ஜரில் ஓட்டுவது. பட்டைக்குத் தனி சப்ளை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது டேட்டா ஒயரும் கிரவுண்டும் மட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இந்த இரண்டாவது வழியையே சொல்லிக்கொடுக்கிறோம். கழற்ற மறந்தால் என்ன ஆகும் என்ற கவலையே இதில் இல்லை.

கிரவுண்ட் விஷயத்தில் மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும். போர்டின் கிரவுண்டும் சப்ளையின் கிரவுண்டும் சேர்ந்திருக்காவிட்டால், டேட்டா ஒயரில் வரும் சிக்னலை எதோடு ஒப்பிட்டு அளப்பது என்று பட்டைக்குத் தெரியாது. விளக்குகள் பைத்தியம் பிடித்ததுபோல மினுங்கும். அதனால் சேர்க்கச் சொல்கிறோம். ஆனால் பட்டையின் தடிமனான கிரவுண்ட் ஒயர் தளர்ந்து கழன்றுவிட்டால் என்ன ஆகும்? பட்டைக்குள் போன 7 ஆம்பியரும் திரும்பி வர வழி தேடும். அப்போது திறந்திருக்கும் ஒரே வழி, போர்டுக்குப் போகும் மெல்லிய கிரவுண்ட் ஒயர். அது வழியாகப் போர்டுக்குள் நுழைந்து, யு.எஸ்.பி. கேபிளில் லேப்டாப் இணைந்திருந்தால் அதுவரையிலும் போகப் பார்க்கும். ஒயர் சிவக்கும், போர்டு கருகும். ஆகவே பட்டையின் கிரவுண்ட் இணைப்பைச் சும்மா முறுக்கி டேப் சுற்றி விடக் கூடாது. ஈயம் பற்றவைத்தோ, ஸ்க்ரூ முனையில் இறுக்கியோ, இழுத்தால் வராதபடி செய்ய வேண்டும். பிள்ளை எல்லாம் முடித்துக் காட்டும்போது அந்த ஒரு ஒயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை இது.

இணைக்கும்போது கிரவுண்டை முதலில், பிறகு 5 வோல்ட், கடைசியில் டேட்டா. கழற்றும்போது தலைகீழாக. எல்லாம் இணைத்த பின், முதலில் பட்டையின் சப்ளையைப் போட்டுவிட்டு அதன் பிறகு போர்டைப் போடட்டும். டேட்டா ஒயரில், பட்டை தொடங்கும் இடத்தில், 300 முதல் 500 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வைத்தால் முதல் பொட்டு பிழைக்கும். பட்டைக்கு மின்சாரம் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, அதன் கோடு போட்ட கால் கிரவுண்டில். மாற்றி வைத்தால் அது வெடிக்கும், அதனால் இதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும். இவை இரண்டும் சில ரூபாய்ப் பொருள்கள்.

இ.எஸ்.பி. 32 போன்ற போர்டு வாங்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் சிக்னல் 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் பட்டையோ குறைந்தது மூன்றரை வோல்ட் சிக்னலை எதிர்பார்க்கிறது. சில நேரம் எரியும், சில நேரம் எரியாது. 74 ஏ.எச்.சி.டி. 125 என்ற சில்லு இடையில் இருந்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் சப்ளையின் வோல்ட்டைத் திருகி ஏற்றிப் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. அது வேண்டாம். பட்டை 5.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

ஃபியூஸ் ஏன்?

"சப்ளையிலேயே பாதுகாப்பு இருக்கிறதே, ஃபியூஸ் எதற்கு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 10 ஆம்பியர் சப்ளையின் பாதுகாப்பு, சப்ளையைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது. 10 ஆம்பியருக்குள் என்ன நடந்தாலும் அது கண்டுகொள்ளாது. 9 ஆம்பியர் ஒரு மெல்லிய ஒயரில் ஓடி அது தெர்மாக்கோலைத் துளைத்துக்கொண்டிருந்தாலும் சப்ளையைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். ஒயரைக் காப்பாற்றுவது ஃபியூஸின் வேலை. நமது 2 மீட்டர் உதாரணத்தில், பட்டையின் இரு முனைகளுக்கும் தனித்தனிக் கிளை போகிறது. ஒவ்வொன்றிலும் 3.6 ஆம்பியர். ஒவ்வொரு கிளையிலும், சப்ளைக்கு மிக அருகில், 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் பிளேடு ஃபியூஸும் அதன் ஹோல்டரும் போதும். போர்டுக்குத் தனிக் கிளை எடுத்தால் அதற்கு 1 ஆம்பியர். ஃபியூஸ் போய்விட்டால் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

வெளிச்சத்தைப் புரோகிராமிலேயே குறைத்து வைக்கலாம். ஃபாஸ்ட் எல்.இ.டி. என்ற நூலகத்தில், "5 வோல்ட்டில் இத்தனை மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதே" என்று ஒரே வரியில் கட்டளை எழுத வசதி இருக்கிறது. கண்காட்சிக்கு முழு வெளிச்சம் தேவையே இல்லை. மூன்றில் ஒரு பங்கு வைத்தாலே கண் கூசும். சூடும் செலவும் குறையும். ஆனால் இதை ஃபியூஸுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டேட்டா ஒயர் தளர்ந்து சிக்னல் சிதறினால் பட்டை முழு வெள்ளையில் நின்றுவிடக்கூடும். புரோகிராம் சொன்னது அப்போது அதற்குக் கேட்காது. ஒயரும் ஃபியூஸும் முழு வெளிச்சத்தின் கணக்குக்கே இருக்கட்டும்.

230 வோல்ட் பக்கம்

இதுவரை சொன்னது சூட்டைப் பற்றி. உயிருக்கு ஆபத்தான பக்கம் சப்ளையின் மறுபுறம்.

5 வோல்ட் சப்ளை இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது. ஒன்று லேப்டாப் சார்ஜர் போல முழுக்க மூடிய அடாப்டர். மற்றொன்று எஸ்.எம்.பி.எஸ். என்று கடையில் சொல்லும், துளைகள் போட்ட தகரப் பெட்டி. விலை குறைவு, ஆம்பியர் அதிகம் என்று பிள்ளைகள் இரண்டாவதையே கேட்பார்கள். அதில் 5 வோல்ட் திருகுகளும் 230 வோல்ட் திருகுகளும் ஒரே வரிசையில், ஓர் அங்குல இடைவெளியில் இருக்கின்றன. மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடி, சிலவற்றில் அதுவும் இல்லை. 5 வோல்ட் ஒயரைத் திருகப் போகும் விரல் சற்று நகர்ந்தால் எதைத் தொடும் என்று பாருங்கள்.

பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தகரப் பெட்டி வேண்டவே வேண்டாம் என்பது நமது நிலை. மூடிய அடாப்டர் போதும். அதன் வட்டப் பின் பெரும்பாலும் 5 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ஆகவே அடாப்டரில் பட்டையின் நீளத்தை ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொள்ளட்டும். பெரிய மாணவர்களுக்குத் தகரப் பெட்டி தேவைப்பட்டால், 230 வோல்ட் பக்கத்தை ஒரு எலக்ட்ரீஷியன் இணைத்துக் கொடுக்க வேண்டும்: மூன்று பின் பிளக், எர்த் ஒயர் பெட்டியின் எர்த் திருகில், திருகுகள் வெளியே தெரியாதபடி காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டி. அட்டைப் பெட்டியிலோ தெர்மாக்கோலுக்குள்ளோ மறைத்து வைக்கக் கூடாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் ஒரு கூடுதல் காவல். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது டிரிப் ஆகிறதா என்று இந்தச் சாக்கிலாவது பார்த்துவிடுங்கள்.

வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும் சிறிய மாதிரிகளுக்கு நமக்கு மிகவும் பிடித்தது பவர் பேங்க். 230 வோல்ட் என்ற பேச்சே இல்லை, எங்கும் தூக்கிச் செல்லலாம், நல்ல தரமானது என்றால் அளவு மீறினால் தானே அணைந்துவிடும். 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 5 வோல்ட்டில் வெளியே வரும்போது ஏறக்குறைய 6,000 தான் கிடைக்கும். ஓர் ஆம்பியர் எடுக்கும் மாதிரி ஐந்தாறு மணி நேரம் ஓடும், கண்காட்சிக்கு அது போதும். மிகக் குறைவாக எடுத்தால் போன் நிறைந்துவிட்டது என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் அணைந்துகொள்ளும். முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த உதிரி லித்தியம் செல்களை மட்டும் யாரும் வீட்டுக்குள் கொண்டுவர விடாதீர்கள்.

வாங்கும்போது

சென்ற முறை ஒரு மாணவர் வாங்கி வந்த அடாப்டரில் "5 வோல்ட் 5 ஆம்பியர்" என்று அச்சிட்டிருந்தது. 2 ஆம்பியர் எடுத்ததும் வோல்ட் 4-க்கும் கீழே இறங்கி, மேல் உறை கையில் வைக்க முடியாத அளவு சுட்டது. ஸ்டிக்கரில் எதையும் அச்சிடலாம். அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும், "ஆர்" என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற மொபைல் செயலியில் போட்டால் உண்மையான பதிவா என்று தெரிந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாக ஆம்பியர் உள்ளதை வாங்குவது நல்லது. "அதிக ஆம்பியர் கொடுத்தால் பட்டை எரிந்துவிடாதா?" என்று கேட்கிறார்கள். எரியாது. பட்டை தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். வோல்ட்தான் சரியாக இருக்க வேண்டும்.

பட்டையிலும் கவனம் வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட் பட்டைகள் உண்டு. வீட்டில் சீலிங்குக்கு வாங்கிய பட்டையின் 12 வோல்ட் அடாப்டரை இந்த 5 வோல்ட் பட்டையில் மாட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பட்டையின் வெட்டுக்கோட்டில் வோல்ட் அச்சிட்டிருக்கும். அதைப் படித்து, சப்ளையை மல்ட்டிமீட்டரில் அளந்து, 4.9-க்கும் 5.1-க்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், சுருளைப் பிரித்து நீளமாக விரித்து வைத்து எரிய விடுங்கள். சுருட்டிய நிலையில் எரிய விட்டால் சூடு உள்ளேயே தங்கும். அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது. முழு வெள்ளையில் பத்து நிமிடம் விட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயர்களையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். ஏதாவது ஓர் இடத்தில் விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். இரவில் எல்லோரும் தூங்கும்போது எரிய விட வேண்டாம். புரோகிராமில் அணைத்து வைத்தாலும் ஒவ்வொரு பொட்டும் ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் அணைந்ததாக அர்த்தம்.

நமது டிரஸ்ட் அலுவலகத்தில் 5 வோல்ட் மூடிய அடாப்டர் இரண்டும், ஃபியூஸ் ஹோல்டர்களும், ஒரு மல்ட்டிமீட்டரும் வைத்திருக்கிறோம். மாணவ மாணவியர், பெற்றோரின் கையெழுத்துடன் ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்லலாம். கண்காட்சிக்கு முந்தைய சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், மாதிரிகளைக் கொண்டுவந்தால் இணைப்புகளைப் பார்த்துத் தருவோம். அம்மாமார்களும் உடன் வரலாம், தனி இடம் உண்டு. பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஃபியூஸ் போயிருந்தால் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். எந்த ஒயர் எங்கே உரசியது என்பதையும் சேர்த்து எழுதினால் அடுத்து எடுத்துச் செல்லும் பிள்ளைக்கு உதவும்.